ஹாப் எக்ஸ்ட்ராக்ட் போட்டும் ஐபிஏல வாசனையே இல்ல, கசப்பு மட்டும் தான் வருது, எங்க தப்பு பண்றேன்?

மால்ட்டு_மணி:

எல்லாருக்கும் வணக்கம். போர்ட்லேண்ட்ல இருக்கேன், ரெண்டு வருஷமா கராஜ்ல 20 லிட்டர் பேட்ச்சா பீர் போட்டுட்டு இருக்கேன். இதுவரைக்கும், பீருக்கு கசப்பும் வாசனையும் தர்ற ஹாப்ஸ் பூவ பொடி பண்ணி அழுத்தின பெல்லட் தான். ஹாப்ஸ் தூக்கலா இருக்க ஐபிஏ பீர்னா டிரை ஹாப்புக்கு, அதாவது கொதிக்க வைக்காம பீர்ல ஹாப்ஸ ஊறப் போடுறதுக்கு மட்டுமே 150 கிராம் போயிடுது, அது ஊறி சேறு மாதிரி கீழ உக்காந்து ஒரு லிட்டர் கிட்ட பீர அதுவே குடிச்சிடுது, அப்புறம் பாத்திரத்த கழுவுறதுக்குள்ள இடுப்பு ஒடியுது. கடையில புலம்பினப்போ சிரிஞ்ச்ல அடைச்ச ஹாப் எக்ஸ்ட்ராக்ட்ட காமிச்சாங்க, சிஓ2 வச்சு எடுத்ததாம், ஆல்பா ஆசிட் 60 சதவீதம்னு போட்டிருந்துச்சு. இவ்ளோ காட்டமா இருக்கே, வாசனை தூக்கலா வரும்னு நம்பி ரெண்டு சிரிஞ்ச் வாங்கிட்டேன்.

கொதி வந்ததும் 5 மில்லி, அடுப்ப அணைக்க 5 நிமிஷம் இருக்கும்போது வாசனைக்குன்னு இன்னொரு 5 மில்லி. டிரை ஹாப் பண்ணவே இல்ல. கசப்பு என்னவோ சுத்தமா, நாக்குல உறுத்தாம இருக்கு, ஆனா மூக்குக்கு ஒண்ணுமே எட்டல. வீட்டம்மா ஒரு வாய் குடிச்சிட்டு "நிலவேம்பு கஷாயத்துல கேஸ் ஏத்தி வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டா.

எக்ஸ்ட்ராக்ட்ல வாசனையே வராதா, இல்ல வாசனைக்குன்னு தனியா ஏதாவது தயாரிக்கிறாங்களா? டிரை ஹாப்புக்கு பதிலா போடலாமா?

பழைய_பானை:

எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் பெரிய கம்பெனிக்காரன் காசு மிச்சம் பண்ண கண்டுபிடிச்சது தம்பி. பூவ போடு, இல்ல பெல்லட் போடு. கெமிக்கல் ஊத்திட்டு வாசனை வரலன்னா எப்படி வரும்.

ஹாலர்டாவ்_தம்பி:

பானை அண்ணே, கோச்சுக்காதீங்க, அது கெமிக்கல் இல்ல, ஹாப்ஸ்ல இருந்து பிழிஞ்ச பிசின் தான். நான் இங்கோல்ஸ்டாட்ல இருக்கேன், வீட்ட விட்டு வெளிய வந்தா ஹாப்ஸ் தோட்டம் தான், 7 மீட்டர் உயரத்துக்கு கம்பி கட்டி கொடி ஏத்தி விட்டிருப்பாங்க. 1516ல போட்ட பீர் சட்டத்த இன்னிக்கும் பெருமையா பேசுற ஊர் இது, இங்கயே சிஓ2 எக்ஸ்ட்ராக்ட்ட சட்டப்படி பீர் காய்ச்சுற கெட்டில்ல போடலாம். முன்னாடியே ஐசோமரைஸ் பண்ணி, அதாவது கொதிக்க வைக்காமலே கசக்குற மாதிரி மாத்தி வர்ற சரக்குக்கு மட்டும் தான் தடை.

மணி, நீங்க வாங்கினது கசப்புக்கான எக்ஸ்ட்ராக்ட். தப்பு உங்க மேல இல்ல, அத வித்தவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். கணக்கு போட்டு பாருங்க. 1 மில்லிய தோராயமா 1 கிராம்னு வச்சா அதுல 600 மில்லிகிராம் ஆல்பா ஆசிட், கசப்புக்கு மூலம் அது தான். 20 லிட்டர்ல கலந்தா லிட்டருக்கு 30 மில்லிகிராம். ஒரு மணி நேரம் கொதிச்சா அதுல சுமார் 30 சதவீதம் தான் ஐசோ ஆல்பாவா மாறி பீர்ல நிக்கும், அதாவது 1 மில்லிக்கு 9 ஐபியூ, கசப்ப அளக்குற கணக்கு அது. முதல்ல போட்ட 5 மில்லியே 45 ஐபியூ. கடைசில போட்டதுக்கு மாறவே நேரம் பத்தல, கொஞ்சம் கசப்பு கூடியிருக்கும், மிச்சம் கெட்டில் சுவத்துல தாரு மாதிரி ஒட்டியிருக்குமே, பாத்தீங்களா?

இப்போ வாசனை கணக்கு. இந்த மாதிரி கசப்பு எக்ஸ்ட்ராக்ட்ல ஆல்பாவ விட எண்ணெய் ரொம்ப கம்மி, 5 சதவீதம்னு வச்சாலும் நீங்க கடைசில போட்ட 5 மில்லில கால் மில்லி எண்ணெய் தான். நல்ல வாசனை ஹாப்ஸ்ல 100 கிராமுக்கு 2 மில்லி எண்ணெய் இருக்கும், அப்போ உங்க 150 கிராம் டிரை ஹாப்ல 3 மில்லி. பன்னெண்டு மடங்கு வித்தியாசம். டிரை ஹாப்ல இருக்குறது முழுசா பீர்ல இறங்காதுன்றது உண்மைதான், ஆனாலும் அது குளிர்ந்த பீர்ல போடுறது. நீங்க போட்ட கால் மில்லி கொதிக்கிற கெட்டில்ல, மூடி இல்லாம. கராஜ் முழுக்க கமகமன்னு மணந்துச்சா இல்லையா? அது எல்லாம் பீர்ல இருக்க வேண்டிய வாசனை.

நம்ம ஊர் ரசம் மாதிரி தான் இது. நுரை கட்டினதும் இறக்கிடணும், தளதளன்னு கொதிக்க விட்டா புளித்தண்ணி தான் மிஞ்சும்.

ஓலியோரெசின்காரன்:

நான் பீர் குடிக்கிறதில்ல, ஆனா இந்த எக்ஸ்ட்ராக்ட் விஷயம் என் சோறு, அதனால மூக்க நுழைக்கிறேன். கொச்சி பக்கத்துல மசாலா எக்ஸ்ட்ராக்ஷன் பிளான்ட்ல ஷிப்ட் பாக்குறேன், மிளகு, இஞ்சி, ஏலக்காய் ஓடும். ஹாப்ஸ் எங்க லைன்ல ஓடினதில்ல, ஆனா தத்துவம் ஒண்ணுதான், மெஷினும் கிட்டத்தட்ட அதே தான்.

முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கணும், எக்ஸ்ட்ராக்ட்னு ஒரே ஒரு பொருள் கிடையாது. எந்த கரைப்பான், எந்த அழுத்தம், எந்த சூடு, இந்த மூணும் தான் உள்ள இருந்து எது வெளிய வரும்னு முடிவு பண்ணும். மல்லிகைப்பூவ எடுத்துக்குங்க. சத்தியமங்கலம் பக்கம் ஹெக்சேன் போட்டு மெழுகு மாதிரி கான்க்ரீட்னு எடுப்பாங்க, அதையே ஆல்கஹால்ல கழுவி மெழுக பிரிச்சா அப்சல்யூட், அது தான் சென்ட்டுக்கு போகும். பூ ஒண்ணுதான், சரக்கு ரெண்டு.

ஹாப்ஸ்ல முன்னாடி ஹெக்சேன், மெத்திலீன் குளோரைடு எல்லாம் ஓடுச்சு. பானை அண்ணன் சொல்ற கெமிக்கல் பயம் அந்த காலத்துக்கு பொருந்தும். இப்போ எத்தனால் இல்லன்னா சிஓ2. எத்தனால் கண்டதையும் இழுக்கும், பச்சையம், துவர்ப்பு தர்ற பாலிபீனால், கெட்டிப் பிசின் எல்லாம் வந்து கரும்பச்சையா நிக்கும். சிஓ2 ஆளப் பாத்து எடுக்கும், எண்ணெய்ப் பசை உள்ளது மட்டும் வரும், புரதம், சர்க்கரை, பாலிபீனால் எல்லாம் சக்கையிலயே தங்கிடும். இந்த நுட்பத்துக்கு ஆரம்பம் ஜெர்மனி தான், 1960கள்ல மூல்ஹைம்ல மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல குர்ட் ட்சோசல்னு ஒருத்தர், காபில இருந்து காஃபீன எடுத்ததும் இதே வழியில தான்.

சிஓ2 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேல போனா அது வாயுவும் இல்ல, திரவமும் இல்ல, ரெண்டுங்கெட்டான், அது தான் சூப்பர்கிரிட்டிக்கல். திரவ நிலையில, 60, 70 பார்ல, 10 டிகிரி பக்கத்துல ஓட்டினா கை மென்மையா இருக்கும், எண்ணெயும் மென்பிசினும் வரும், தங்க நிறத்துல இருக்கும். சூப்பர்கிரிட்டிக்கல்ல 200, 300 பார்னு ஏத்தினா சீக்கிரம் முடியும், நிறைய வரும், கூடவே வேண்டாததும் கொஞ்சம் ஒட்டிட்டு வரும். ஆபரேட்டர் எங்க நிறுத்துறான்றதுல தான் தரமே இருக்கு.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். வாசனைக்குன்னு எடுக்கணும்னா ஒரே தடவைல எல்லாத்தையும் அள்ளக் கூடாது. அழுத்தத்த கம்மியா வச்சா முதல்ல எண்ணெய் தான் கரைஞ்சு வரும், அத தனி செப்பரேட்டர்ல பிடிச்சுக்கணும். அப்புறம் அழுத்தத்த ஏத்தி ஆல்பா, பீட்டா பிசின எடுக்கணும். முதல்ல வந்தது வாசனை சரக்கு, ரெண்டாவது கசப்பு சரக்கு. இல்லன்னா மொத்த எக்ஸ்ட்ராக்ட்டையும் வேக்குவம்ல, கம்மி சூட்டுல வடிச்சு எண்ணெய தனியா பிரிக்கலாம். சாதாரண ஆவி வடிப்பு மலிவு, ஆனா 100 டிகிரி ஆவி பட்டா அந்த பச்சை ஹாப்ஸ் வாசனை மாறி ஒரு வெந்த வாடை வந்துடும், ஏலக்காய்லயே அத நான் தினமும் பாக்குறேன்.

இன்னொரு படியும் உண்டு. ஹாப்ஸ் எண்ணெய்ல பெரும்பங்கு மிர்சீன், ஹியூமுலீன் மாதிரி ஹைட்ரோகார்பன், இதுங்க தண்ணில கரையவே கரையாது, மேல மிதக்கும், நுரையோட ஒட்டும், மூடி ரப்பர்ல போய் உக்காரும். லினலூல், ஜெரானியால் மாதிரி ஆக்சிஜன் சேர்ந்த பங்கு கம்மியா இருந்தாலும் பீர்ல ஒழுங்கா கரையும், லினலூல் பூ வாசனை, ஜெரானியால் ரோஜா. அதனால மிர்சீன் வகையறாவ கழிச்சுட்டு இத மட்டும் செறிவா வச்சு, கரையுற மாதிரி பண்ணி விக்கிறாங்க. ஊத்தினா பீர் கலங்காது.

கெட்டில்_கரிகாலன்:

டொரன்டோவில இருந்து எழுதுறன். நான் செய்த மடைத்தனத்தையும் கேளுங்கோ. இந்த கசப்பு சிரிஞ்ச்சை நேரா பீர் அடைக்கிற குளிர்ந்த கெக்குக்குள்ள அடிச்சனான், டிரை ஹாப் மாதிரி இருக்கும் எண்டு நினைச்சு. கரையவே இல்ல. கெக்கின்ர உள் சுவர், குழாய், டாப் எல்லாம் பிசின் பிடிச்சு, பிறகு சுடுதண்ணியும் காரமும் போட்டு ரெண்டு நாள் கழுவினன். பீரும் கசக்கேல்ல, மணமும் இல்ல.

இன்னொண்டு, கெட்டில்ல போடேக்க சிரிஞ்ச்சை முதல்ல 45 டிகிரி சுடுதண்ணிக்குள்ள பத்து நிமிசம் வையுங்கோ. ஃப்ரிட்ஜில இருந்து எடுத்த உடன அது தேன் மாதிரி கூட இல்ல, மெழுகு மாதிரி இருக்கும்.

ஹாலர்டாவ்_தம்பி:

கரிகாலன் அண்ணா சொன்னதுக்கு காரணம், ஆல்பா ஆசிட் அப்படியே குளிர்ந்த பீர்ல கரையாது. கொதியில தான் அதோட ஆறு கார்பன் வளையம் சுருங்கி அஞ்சு வளையமாகும், அது தான் ஐசோ ஆல்பா, கரையுறதும் கசக்கிறதும் அது தான். ஃபேக்டரில மெக்னீசியம் உப்பு போட்டு முன்னாடியே இத மாத்தி பொட்டாசியம் உப்பா தர்ற சரக்கு இருக்கு, அத ஃபெர்மென்ட் முடிஞ்ச பீர்ல ஊத்தி கசப்ப திருத்தலாம். அதுக்கும் ஒரு படி மேல ஹைட்ரஜன் ஏத்தின டெட்ரான்னு ஒண்ணு, நிறமில்லாத பாட்டில்ல வர்ற பீர் வெயில்ல வச்சாலும் நாத்தம் அடிக்காம இருக்குறதுக்கு அது தான் காரணம். நுரையும் கெட்டியா நிக்கும். இது எதுவும் வாசனைக்கு இல்ல, பேர பாத்து திரும்பவும் ஏமாந்துடக் கூடாதுன்னு சொல்றேன்.

எண்ணெய் சரக்கு வாங்கினா எப்படி போடுறது: பெரிய பேட்ச்ல நேரா ஊத்தாதீங்க. எண்ணெய் 1 மில்லிய 95 சதவீத தானிய ஆல்கஹால்ல கலந்து 100 மில்லி ஆக்குங்க. வோட்காவுல கலக்காதீங்க, தண்ணி அதிகம், பால் மாதிரி திரிஞ்சிடும். அந்த கலவைல 0.1 மில்லி எடுத்து 200 மில்லி பீர்ல விட்டு மோந்து பாருங்க, அது ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோ லிட்டர் எண்ணெய், உங்க 20 லிட்டருக்கு வெறும் 0.1 மில்லி. ஓவரா இருந்தா பாதி, பத்தலன்னா ரெண்டு மடங்கு. ரெடியா கரைச்சு வர்றதுக்கு லேபிள்ல இருக்க அளவுல பாதியில ஆரம்பிங்க. ஒரு சொட்டு கூடினா கூட பீர் சோப்பு மாதிரி ஆயிடும், ஆனதுக்கு அப்புறம் எடுக்கவும் முடியாது. ஈஸ்ட் கீழ உக்காந்த பிறகு போடுங்க, நுரைச்சு வர்ற நேரத்துல போட்டா வெளிய போற சிஓ2வே வாசனைய கூட்டிட்டு போயிடும்.

எனக்கு இதுல பெரிய லாபமா தெரியுறது வேற. டிரை ஹாப் பண்ணி கெக்குல அடைச்ச பிறகு திடீர்னு திரும்ப ஃபெர்மென்ட் ஆகி பிரஷர் ஏறும், பட்டர் வாசனை வரும், பாத்திருப்பீங்க. பூவுல இருக்க என்சைம் ஈஸ்ட் தின்ன முடியாம மிச்சமிருக்க டெக்ஸ்ட்ரின்ற மாவுப்பொருள உடைச்சு சர்க்கரை ஆக்கிடுது, ஈஸ்ட் திரும்ப எழுந்துக்குது. எக்ஸ்ட்ராக்ட்ல என்சைம் கிடையாது. பெல்லட்டோட உள்ள போற காத்தும் கிடையாது. போன வருஷம் எனக்கு ஒரு பாட்டில் பேட்ச் முழுக்க இப்படி வெடிச்சு கிச்சன் சீலிங்ல கறை இன்னும் போகல.

பழைய_பானை:

சரிப்பா, கெமிக்கல்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், சுவை முழுக்க எண்ணெய் தானா? எக்ஸ்ட்ராக்ட் மட்டும் போட்ட ஐபிஏ எனக்கு எப்பவும் சென்ட் அடிச்ச மாதிரி மேலாக தான் இருக்கு, வாய்ல உடம்பு இல்ல.

ஓலியோரெசின்காரன்:

அண்ணே, நீங்க சொல்றது நியாயம். சர்க்கரையோட கட்டிக்கிட்டு இருக்க வாசனைப் பொருள், சிஸ்டீன்ற அமினோ அமிலத்தோட கட்டிக்கிட்டு இருக்க தயால் (கந்தகம் சேர்ந்த வாசனைப் பொருள்) மூலம், இதெல்லாம் தண்ணில கரையுற ஜாதி. சிஓ2 அத தொடாது, சக்கையோட மாட்டுத் தீவனத்துக்கோ உரத்துக்கோ போயிடும். முழு ஹாப்ஸ் போட்டா ஈஸ்ட் அதுல கொஞ்சத்த அவுத்து விடும், அந்த மாம்பழம், பேஷன் ஃபுரூட் வாசனைல ஒரு பங்கு அப்படி வர்றது. பாலிபீனாலும் சக்கைல தான் நிக்குது, வாய்ல நிறைஞ்ச மாதிரி இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். மிளகுல இருந்து எடுத்த எக்ஸ்ட்ராக்ட், அதாவது ஓலியோரெசின் போட்ட சூப்பும், அம்மில தட்டின மிளகு போட்ட சூப்பும் ஒண்ணாகுமா?

ஹாலர்டாவ்_தம்பி:

அதனால தான் நான் கலந்து அடிக்கிறேன். கசப்புக்கு எக்ஸ்ட்ராக்ட், அடுப்ப அணைச்சு 80 டிகிரிக்கு இறங்கினதும் 50 கிராம் பெல்லட், டிரை ஹாப்புக்கு பழைய அளவுல மூணுல ஒரு பங்கு, கடைசில எண்ணெய் சொட்டு. எண்ணெய் கிடைக்கலன்னா லூப்புலின் பெல்லட் வாங்குங்க, திரவ நைட்ரஜன் குளிர்ல இலைய உதிர்த்துட்டு மஞ்சள் பொடிய மட்டும் சேர்த்து அழுத்தினது, சாதா பெல்லட்ல பாதி போட்டா போதும், சேறும் பாதி தான்.

மால்ட்டு_மணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கெட்டில் சுவத்துல தாரு இருந்தது உண்மை, பாத்திரம் பழசுன்னு நினைச்சுட்டு விட்டுட்டேன். கராஜ் மணந்ததும் உண்மை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன விசேஷம்னு கேட்டார்.

சிட்ரா எண்ணெய் 5 மில்லி பாட்டில் ஆர்டர் போட்டு, அந்த கஷாய பீர்லயே தம்பி சொன்ன மாதிரி டம்ளர் டம்ளரா டெஸ்ட் பண்ணேன். 0.1 விட்டதுல சாத்துக்குடி தோல் உரிச்ச மாதிரி வந்துச்சு, 0.2ல விம் பார். கெக்குக்கு 0.08 மில்லி எண்ணெய் கணக்குக்கு கலவை 8 மில்லி விட்டு ரெண்டு நாள் குளிர்ல வச்சேன். வீட்டம்மா இப்போ "பரவால்ல"ன்னு சொல்லிட்டா, அவ அகராதில அது பெரிய பாராட்டு. பானை அண்ணன் சொன்ன அந்த மேலாப்பு எனக்கும் தெரியுது, அடுத்த பேட்ச்ல பெல்லட்டும் சேக்குறேன்.

இன்னும் ஒரு சிரிஞ்ச் கசப்பு சரக்கு அப்படியே இருக்கு, எவ்ளோ நாள் தாங்கும்?

ஹாலர்டாவ்_தம்பி:

சீல் பிரிக்காம ஃப்ரிட்ஜ்ல வச்சா வருஷக்கணக்குல தாங்கும், பெல்லட் மாதிரி சீஸ் வாடை வராது. அடுத்து ஸ்டவுட் போடுங்க, 4 மில்லி, கொதி வந்ததும். கடைசி 5 நிமிஷத்துல கை அந்த பக்கம் போகக் கூடாது.