கிரியாட்டினின் 6.2, ஜி.எஃப்.ஆர் 10: ஃபிஸ்டுலா இப்போதே போட வேண்டுமா? கிட்னி யார் தரலாம்?

திண்டுக்கல்_மலர் கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு வயது 55, எடை 62 கிலோ. நீண்ட நாள் சர்க்கரை, பிரஷர். கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 6.2, ஈ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 10, பொட்டாசியம் 5.4, பைகார்பனேட் 18, ஹீமோகுளோபின் 8.6. சிறுநீர் ஒரு நாளைக்கு 1,200 மில்லி வரை போகிறது. கணுக்காலில் லேசான வீக்கம். மூச்சுத்திணறலோ வாந்தியோ இல்லை, வயலுக்குப் போய் வருகிறார்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக டாக்டர் இடது கையில் ஃபிஸ்டுலா போடச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்கள், "போட்டுவிட்டால் டயாலிசிஸில் மாட்டிக்கொள்வோம், கொஞ்ச நாள் கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம்" என்கிறார்கள். டயாலிசிஸே இல்லாமல் நேராக மாற்று அறுவைக்குப் போக முடியுமா? அப்பா ரத்த வகை ஓ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ். பெரியப்பா (61) ஓ பாசிட்டிவ், பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், தர முன்வந்திருக்கிறார். நானும் ஓ பாசிட்டிவ்தான், வயது 27, திருமணம் ஆகவில்லை. நான் தரத் தயார். யார் தருவது சரி? செலவுக்கு அரசுக் காப்பீடு உதவுமா? சாப்பாட்டில் எதை நிறுத்த வேண்டும்?

நெஃப்ரான்_62 பதில்:

மலர், ஃபிஸ்டுலா போடுவதால் டயாலிசிஸ் ஒரு நாள்கூட முன்னதாக வராது. அது கையில் சும்மா காத்திருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்தால், தமனி ரத்தத்தின் வேகத்தில் சிரை விரிந்து தடித்து ஊசி தாங்கும் நிலைக்கு வரும். இதற்குக் குறைந்தது 6 முதல் 8 வாரம், சர்க்கரை உள்ளவர்களுக்கு 3 மாதம்கூட ஆகலாம். சிலருக்கு முதல் தடவை முதிராமலே போய், முழங்கை மடிப்பில் மறுபடி போட வேண்டி வரும். ஜி.எஃப்.ஆர் 10-இல் அதற்கெல்லாம் அவகாசம் இருக்கிறது, 6-இல் இருக்காது. நள்ளிரவில் மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு ஓடினால் கழுத்துச் சிரையில் ட்யூப் போட்டுத்தான் தொடங்குவார்கள். அந்த ட்யூப் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கும். டயாலிசிஸ் நோயாளிகளைக் காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. டாக்டர் சொன்னபடி இப்போதே போட்டுவிடுங்கள்.

டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான ஐடியல் ஆய்வில், ஜி.எஃப்.ஆர் 10-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கும் அறிகுறி வரும்வரை பொறுத்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. எண்ணைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவது, விடாத குமட்டல், உணவைக் கண்டாலே வெறுப்பு, கைகால் உதறல், புத்தி மந்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் ஈ.சி.ஜி எடுத்து உடனே சிகிச்சை வேண்டும். உடலில் எதுவும் தெரியாமலே இதயம் நின்றுவிடக்கூடிய நிலை அது.

இப்போதைய ரிப்போர்ட்டிலேயே கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. பைகார்பனேட் 18 என்றால் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறது, சோடா பைகார்பனேட் மாத்திரை தேவைப்படும். மெட்ஃபார்மின் இன்னும் ஓடுகிறதா பாருங்கள். ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே அது கூடாது. கிட்னி செயல் குறையும்போது இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கும், பழைய அளவிலேயே போட்டால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடும். "சர்க்கரை தானாகவே குறைந்துவிட்டது" என்று பலர் சந்தோஷப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஹீமோகுளோபின் 8.6-க்கு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பார்த்து, இரும்புச்சத்தைச் சிரை வழியாக ஏற்றி, பிறகு ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்ட்டின் ஊசி. இலக்கு 10 முதல் 11.5 வரை. தவிர்க்கவே முடியாத நிலை தவிர ரத்தம் ஏற்ற விடாதீர்கள். ஏற்றும் ரத்தத்துக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி, பின்னால் பொருந்தும் கிட்னி கிடைப்பதையே கெடுத்துவிடும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். கிட்னி நோயாளிகளுக்கு இரட்டை அளவு, 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்களில்.

கஷாயம் பற்றி: மூலிகையைச் சுண்டக் காய்ச்சும்போது அதன் பொட்டாசியமும் சேர்ந்தே இறங்குகிறது. 5.4-இல் இருப்பவரை 6.5-க்குத் தள்ள அது போதும். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் பக்கமே போகாதீர்கள். பெரியவர்களிடம் சண்டை போடாமல் பொட்டாசியம் எண்ணைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

சாப்பாட்டில் இளநீர்தான் முதல் எதிரி. ஒன்றில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். வாழைப்பழம், பழச்சாறு, தக்காளி சூப், கீரைத் தண்ணீர் வேண்டாம். காய்கறியைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதற்கு மாறுவதில் பயனில்லை. "லோ சோடியம்" என்று விற்கும் பாக்கெட் உப்பு இன்னும் மோசம், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு. ஸ்டார் ஃப்ரூட் ஒரு துண்டுகூடக் கூடாது, அதிலுள்ள நச்சு கிட்னி வழியாக வெளியேற முடியாமல் மூளையைத் தாக்கி விக்கலும் வலிப்பும் வரும். முதல் நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்தால் அன்றைய திரவக் கணக்கு. ரசம், மோர், காபி எல்லாம் அதற்குள்தான். புரதம் இப்போது கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம். டயாலிசிஸ் தொடங்கியதும் இதைத் திருப்பிப் போட வேண்டும்: 1.0 முதல் 1.2 கிராம், அப்பா எடைக்கு 62 முதல் 74 கிராம். பழைய பத்தியத்தையே தொடர்ந்து, முட்டையைக்கூட விலக்கி, ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிடுகிறவர்கள் நிறைய.

ஊசிமுனை பதில்:

தங்கச்சி, டயாலிசிஸ் டெக்னீஷியனா கையப் பத்தி மட்டும் சொல்றேன். இன்னையில இருந்து அப்பாவோட இடது கையில ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் போட, பிரஷர் பாக்க யாரையும் விடாதீங்க. லேப்ல போயி அவரே "இந்தக் கை வேண்டாம்"னு சொல்லணும். வலது கையிலயும் புறங்கை நரம்புலதான் குத்தச் சொல்லணும். ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தக்குழாயக் காட்டுற டாப்ளர் ஸ்கேன் பாப்பாங்க, தமனி, சிரை ரெண்டுமே சுமார் 2 மில்லிமீட்டராவது இருந்தா மணிக்கட்டுல போடலாம்.

போட்ட பிறகு காலையிலயும் ராத்திரியும் அந்த இடத்துல விரல வச்சுப் பாக்கணும். ஓடுற மாவு மில்லுச் சுவத்துல கை வச்சா வருமே, அந்த மாதிரி ஒரு அதிர்வு தெரியணும். தெரியலைன்னா உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். விடியட்டும்னு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சீக்கிரம் போனா கட்டிய எடுத்துக் காப்பாத்தலாம், நாளாச்சுன்னா அந்த ஃபிஸ்டுலா போச்சு. தையல் ஆறினதும் ரப்பர் பந்த அமுக்கிப் பழகணும். அந்தக் கைய மடிச்சு தலைக்கு வச்சுப் படுக்கக் கூடாது, வாட்ச், வளையம், இறுக்கமான சட்டைக் கை ஆகாது. விரல் ஜில்லுனு வெளுத்து வலிச்சாலும் சொல்லுங்க, ஃபிஸ்டுலா ரத்தத்த இழுத்துக்கிட்டு விரலுக்குப் போக விடலைன்னு அர்த்தம்.

முதிர்ந்ததுக்கு ஒரு கணக்கு உண்டு: 6 வாரம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்குக் கீழ 6 மில்லிமீட்டருக்குள்ள ஆழம், நிமிஷத்துக்கு 600 மில்லி ஓட்டம். முதல் சில தடவை மெல்லிசான 17 கேஜ் ஊசி, 200 மில்லி வேகம். பழகினதும் தடிமனான 16, 15 கேஜ், 300 மில்லிக்கு மேல. ஒரே எடத்துல திரும்பத் திரும்பக் குத்த விடாதீங்க. வலி குறைவுன்னு பேஷன்ட்டே கேப்பாங்க, ஆனா அந்த எடம் பலூன் மாதிரி வீங்கித் தோல் மெலிஞ்சு ஒரு நாள் பீறிடும். கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி, மறுபடி கீழ இருந்து வரணும். வீட்டுக்கு வந்த பிறகு ஊசி எடம் கசிஞ்சா துண்டச் சுத்தாதீங்க. ரத்தம் துண்டுக்குள்ள ஊறிக்கிட்டே இருக்கும், நிக்காது. துளை மேலேயே ரெண்டு விரலால அமுக்கி, கைய உயரத் தூக்கி, 15 நிமிஷம் எடுத்துப் பாக்காம வச்சிருக்கணும். பீறிட்டு வந்தா அமுக்கின கையோட 108-ஐக் கூப்பிடுங்க.

தண்ணி விஷயமும் மெஷின்லதான் தெரியும். ஒரு மணி நேரத்துல கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல இழுக்கக் கூடாது. அப்பாவுக்கு 62 கிலோ, 4 மணி நேரம்னா உச்சபட்சம் 3.2 லிட்டர். ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல நாலு கிலோ ஏத்திக்கிட்டு வந்தா, மூணாவது மணில பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பிரஷர் அப்படி இறங்குற அன்னைக்குத்தான் ஃபிஸ்டுலாவும் அடைக்கும். டயாலிசிஸ் அன்னைக்குக் காலைல பிரஷர் மாத்திரை போடலாமான்னு டாக்டர்கிட்ட தனியா கேளுங்க. வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம்தான் முறை. நல்லா சிறுநீர் போற வரைக்கும் சிலருக்கு 2 போதும்பாங்க. சிறுநீர் குறைஞ்ச பிறகும் 2-லயே நிக்காதீங்க. மாசம் ஒரு தடவ, டயாலிசிஸ்ல யூரியா எத்தனை சதவீதம் குறைஞ்சதுன்னு கேட்டு வாங்குங்க, 65 சதவீதத்துக்குக் கீழ வந்தா டயாலிசிஸ் பத்தலை.

தானம்_ஒருங்கிணைப்பு பதில்:

மலர், நேராக மாற்று அறுவைக்குப் போக முடியும், அதுதான் நல்லதும்கூட. ஆனால் உயிரோடு இருப்பவர் தந்தால்தான். இறந்தவர்கள் தானத்துக்கான பட்டியலில் பொதுவாக டயாலிசிஸில் இருப்பவர்களைத்தான் பதிவார்கள், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போகும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2008-இல் தொடங்கியது, இப்போது தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்க நேர்ந்தால், வீட்டில் தருபவர் இருந்தாலும் இதிலும் பதிந்து வையுங்கள்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும்: பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனா, ஒன்றுவிட்ட அண்ணனா? 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011 திருத்தமும் நெருங்கிய உறவு என்று ஏற்பது பெற்றோர், உடன்பிறந்தோர், மகன், மகள், கணவன்/மனைவி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி மட்டும். ஒன்றுவிட்ட அண்ணன், மைத்துனர், சித்தப்பா, மாமா எல்லாரும் அங்கீகாரக் குழு முன் போக வேண்டியவர்கள், அதற்குக் கூடுதல் காலமும் ஆவணமும் ஆகும். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய குடும்பப் போட்டோ எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். ஃபைல் தேங்கி நிற்பது அங்கேதான். பணம் கைமாறினால் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். தரகர் யாராவது போன் செய்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

மருத்துவமாகப் பார்த்தால் பெரியப்பாதான் முதல் தேர்வு. 61 வயதும் ஒரு பிரஷர் மாத்திரையும் தடை என்று தானாகச் சொல்லிவிட முடியாது. பிரஷர் கட்டுக்குள் இருந்து, சிறுநீரில் புரதம் ஒழுகாமல், கிட்னியின் வேலைத்திறனை அளக்கும் டி.டி.பி.ஏ ஸ்கேனில் செயல்பாடு நன்றாக இருந்தால் பல மையங்கள் ஏற்கும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பிறகு சி.டி ஆஞ்சியோ எடுத்து எந்தப் பக்கத்துக் கிட்னி என்று முடிவாகும். பெரும்பாலும் இடது, அதன் சிரை நீளமாக இருப்பதால் இணைக்க வசதி.

அம்மாவின் பி வகை அப்பாவின் ஓ-வுக்கு நேரடியாகச் சேராது. அப்பாவின் ரத்தத்தில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி எவ்வளவு என்று டைட்டர் பார்த்து, ரிடுக்ஸிமாப் ஊசி போட்டு, பிளாஸ்மா மாற்றி அதைக் குறைத்த பிறகு செய்யலாம். செலவும் தொற்று ஆபத்தும் கூடும். ஸ்வாப் முறையில் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் அப்பாவுக்கு ஓ வகை கிட்னிதான் வேண்டும். ஓ வகைக்காரர் யாருக்கும் கொடுக்கலாம் என்பதால், தம் வீட்டு நோயாளிக்கே நேராகக் கொடுத்துவிடுவார், ஸ்வாப் பட்டியலுக்கு வரவே மாட்டார். தம் வீட்டு நோயாளியோடு கிராஸ்மேட்ச் (ஆன்டிபாடி பொருத்தச் சோதனை) பொருந்தாத சில ஓ வகைக்காரர்கள் மட்டுமே அங்கே இருப்பார்கள். அதை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள்.

உங்களைப் பற்றி: சட்டப்படி தரலாம், வகையும் பொருந்துகிறது. ஆனாலும் வேறு வழி இருக்கும்வரை உங்களைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். அப்பாவின் நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய சர்க்கரை உங்களுக்கும் பின்னாளில் வர வாய்ப்பிருக்கிறது, 27 வயதில் அதைச் சோதித்து உறுதி செய்ய முடியாது. ஒரு கிட்னியோடு கர்ப்பம் தரிக்கும்போது ரத்த அழுத்தச் சிக்கலும் சற்றுக் கூடும். தருவதா இல்லையா என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்யுங்கள். தானத்துக்கு முன் நடக்கும் பேட்டியில் உங்களிடம் தனியாகக் கேட்பார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்று அறுவையும் உண்டு. ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் அட்டை எடுங்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் ஸ்டான்லியும் இருக்கின்றன.

திண்டுக்கல்_மலர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியப்பா கூடப்பிறந்தவர்தான், சர்க்கரை இல்லை. அவரை வைத்தே தொடங்குகிறோம். மாற்று அறுவைக்குப் பிறகு மாத்திரை ஆயுள் முழுக்கவா? எதில் தவறு நடக்கும்?

நெஃப்ரான்_62 பதில்:

ஆயுள் முழுக்கத்தான். புதிய கிட்னியை உடல் நிராகரிக்காமல் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் மூன்றும் வழக்கமானவை. டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில். ரத்தத்தில் அதன் லெவல் பார்க்கும் நாளில் காலை மாத்திரை போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறித் தெரியும், டாக்டர் அளவைக் குறைப்பார், கிட்னி நிராகரிப்புக்குப் போகும். மெடிக்கல் ஷாப்பில் வேறு கம்பெனி மாத்திரை தந்தால் வாங்காமல் டாக்டரைக் கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் லெவலை மறுபடி பார்க்க வேண்டும்.

புதிய கிட்னியை வலது அடிவயிற்றில் வைப்பார்கள், பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுநீர்க் குழாயில் வைக்கும் டி.ஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலைச் சில வாரங்களில் எடுக்க வேண்டும். தேதியை எழுதி வையுங்கள், மறந்து விட்டால் கல் படிந்து தொற்று வரும். முதல் 6 மாதம் கோட்ரைமாக்ஸசோல் போன்ற, தொற்று வராமல் காக்கும் மருந்துகளை நிறுத்தக் கூடாது. பிரட்னிசோலோனும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றும், அப்பாவுக்கு இன்சுலின் அளவு கூடும் என்று எதிர்பாருங்கள்.

வேறு டாக்டர் எழுதும் மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தொண்டைப் புண்ணுக்கு கிளாரித்ரோமைசின், படைக்கு ஃபுளூகோனசோல் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவைச் சட்டென்று ஏற்றும், கை நடுங்கும், கிரியாட்டினின் ஏறும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக அதைத் தரைமட்டமாக்கும். பல்வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸை ஏற்றும், சாத்துக்குடியால் அந்தப் பிரச்சினை இல்லை.