மறு: ஆட்டோஜைரோவுக்குத் தமிழ்ல என்ன?

> ஆட்டோஜைரோ = தானியங்கி சுழலூர்தி

அண்ணா, இத நான் ஒத்துக்க மாட்டேன். தானியங்கின்னு போட்டா படிக்கிறவன் ஆளே இல்லாம ஓடுற வண்டின்னுதான் நினைப்பான். (யாராவது புறநானூத்துல வர்ற வலவன் ஏவா வானவூர்திய, அதாவது ஓட்டுறவன் இல்லாத வானவூர்திய, இழுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், அத ட்ரோனுக்குக் குடுத்தாச்சு.)

பலூன், கிளைடர், தண்ணியில இறங்குற விமானம்னு எது பறந்தாலும் அதுல ஒரு தடவையாவது ஏறிடணும்னு எனக்கு சின்ன வயசுலேருந்தே ஒரு பைத்தியம், அந்த லிஸ்ட்ல முதல்ல நிக்கிறது இந்த ஆட்டோஜைரோதான், அதனால கொஞ்சம் நீட்டுறேன், பொறுத்துக்குங்க.

பார்க்க குட்டி ஹெலிகாப்டர்தான். ஆனா பறக்குறப்ப மேல சுத்துற இறக்கைக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே கிடையாது. எஞ்சின் தனியா ஒரு ப்ரொப்பெல்லர சுத்தி வண்டிய முன்னால தள்ளும், அப்ப எதிர்க்காத்து பட்டு மேல இருக்கிறது தன்னால சுத்தும், ஓலைக்காத்தாடிய கையில பிடிச்சுட்டு ஓடுவோமே அதே கதை. எஞ்சின் நின்னு போனாலும், கீழ இறங்க இறங்க அடியிலேருந்து வர்ற காத்து சுத்திவிட்டுட்டே இருக்கும், அதனால மெதுவா இறங்கிடலாம். ஆனா ஹெலிகாப்டர் மாதிரி காத்தே இல்லாதப்ப ஒரே இடத்துல நிக்க முடியாது.

ஸ்பெயின்காரர் ஹுவான் தே லா சியெர்வா 1919ல செஞ்ச மூணு எஞ்சின் விமானம் வேகம் குறைஞ்சதும் விழுந்து நொறுங்கிடுச்சு, வேகம் குறைஞ்சாலும் விழாத ஒண்ணு வேணும்னுதான் இதுல இறங்கினாரு. முதல்ல செஞ்சதெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கவுந்துச்சு, ஏன்னா முன்னால போற இறக்கைக்குக் காத்து அதிகம், பின்னால வர்றதுக்குக் கம்மி. இறக்கை நடுத்தண்டோட சேர்ற இடத்துல கீல் வச்சு மேலயும் கீழயும் ஆட விட்டாரு, 1923 ஜனவரியில பறந்துடுச்சு. இவ்வளவும் செஞ்ச மனுஷன் 1936ல பனிமூட்டத்துல கிளம்பின ஒரு பயணிகள் விமானம் விழுந்து செத்தாரு.

அப்ப பேர்ல காத்து இருக்கணும். காற்றுச்சுழலின்னா காத்தாலைன்னு நினைச்சுப்பாங்க. காத்தாடி ஊர்தி எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா மெட்ராஸ்காரங்களுக்குக் காத்தாடின்னா பட்டம். அதனால என் ஓட்டு ‘வளிசுழல் ஊர்தி’க்கு. வளியால் சுழல்றது, கைதட்டுல ஒற்று மிகாத மாதிரி இங்கயும் மிகாது. ச் போட்டீங்கன்னா சூறாவளி மாதிரி ஆயிடும், தயவுசெஞ்சு போடாதீங்க.

> சீப்ளேன் = கடல் விமானம்

ஏரி, ஆறுல எல்லாம் இறங்குதே? 1910ல பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபாப்ர் முதல் சீப்ளேன்ல பறந்ததே பிரான்ஸ்ல மார்செய் பக்கத்துல ஒரு காயல்லதான். பொதுவா நீர்விமானம்னு வைப்போம். அதுலயும் ரெண்டு ஜாதி இருக்கு. மாலத்தீவுல செருப்புகூட இல்லாம பைலட் ஓட்டுவாங்களே அந்த ட்வின் ஆட்டர், அதுக்கு அடியில ரெண்டு மிதவை, அது மிதவை விமானம். உடம்பே தண்ணியில உக்கார்றது படகு விமானம்.

ஹெலிகாப்டருக்கு ஈழத்து நண்பர்கள் சொல்ற உலங்கு வானூர்தி நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம். பலூன் பலூனாவே இருக்கட்டும், பொள்ளாச்சியில ஜனவரியில பறக்குறப்ப ஊரே அப்படித்தான சொல்லுது. கிளைடருக்கு சறுக்கு விமானம்னு போட்டிருக்கீங்க, வெப்பக்காத்து கிடைச்சா அது மேலயும் ஏறுமே, அதுக்கு ஒரு தனி இழை (த்ரெட்) ஆரம்பிங்க அண்ணா.