தாஜ் மகாலில் விடியல்: தில்லியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போகலாமா?

மகிழம்பூ:
வணக்கம். ஜனவரி கடைசி வாரம் ஒரு கல்யாணத்துக்காக அப்பா, அம்மாவுடன் தில்லி போகிறேன். வியாழக்கிழமை கல்யாணம் முடிந்துவிடும். ஞாயிறு காலை ஊர் திரும்ப விமானம். வெள்ளிக்கிழமை உறவினர் வீட்டில் ஓய்வு, சனிக்கிழமை தாஜ் மகால் என்று யோசித்திருக்கிறோம். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விசாரித்தேன். இரவு 2.45க்கு வீட்டு வாசலுக்குக் கார் வருமாம். விடியும்போது தாஜ் வாசலில் நிற்கலாம், வழிகாட்டி அவர்கள் பொறுப்பு, பிறகு காலை உணவு, ஆக்ரா கோட்டை, மாலைக்குள் தில்லி. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. விடியற்காலையில் தாஜைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அந்த ராத்திரிப் பயணம்தான் எனக்கு உறுத்துகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஊர்சுற்றி:
தயங்காமல் போங்கள். நான் இதே மாதிரி அக்டோபர் கடைசியில் போனேன். காரில் ஏறியதும் தூங்கிவிட்டேன், கண் விழித்தபோது ஆக்ரா. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வாசலைத் திறக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதலில் சிவப்புக் கல்லால் ஆன பெருவாசல் வரும். அதன் வளைவுக்குள் நுழையும்போது ஒரே இருட்டு. எதிரே வெளிச்சத்தில் தாஜ் நிற்கும். அப்போது அது வெள்ளையாக இருக்காது, சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம். பத்து நிமிடத்தில் ரோஜா நிறம் ஏறும், பிறகு வெளிர் மஞ்சள். கூட்டம் குறைவு, எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், கிளிகளின் சத்தம் கேட்கிறது. ஒன்பது மணிக்கு மேல் அதே இடத்தில் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அம்மாவின் ஆசை பல வருட ஆசை என்கிறீர்கள். ஒரு ராத்திரித் தூக்கம் அதைவிடப் பெரிதில்லை.

இரவுப்பயணி:
ஊர்சுற்றி சொன்னது அக்டோபர். மகிழம்பூ போகப்போவது ஜனவரி. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

நான் நொய்டாவில் 9 வருடம் இருந்தவன். யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர், கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை. 2012இல் திறந்தார்கள். பெரும்பாலும் நேரான கான்கிரீட் சாலை. ராத்திரி மூன்று மணிக்கு அதில் ஓட்டுவதற்கு எந்த வேலையும் இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அதனால்தான் தூக்கம் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் அதோடு பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் கார்களுக்கான வேக வரம்பை 100இலிருந்து 75ஆகக் குறைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவது தெரியாமல் மோதி, அதன் மேல் இன்னொன்று மோதி, ஒவ்வொரு பனிக்காலத்திலும் இந்தச் செய்தியைப் படிக்கிறோம்.

என் அக்கா குடும்பம் வந்தபோது இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் வண்டி எடுத்தோம். மதுராவுக்கு முன்னால் ஓட்டுநர் தலை சாய்ந்துவிட்டது. முன் சீட்டில் நான் முழித்திருந்ததால் தோளைத் தட்டினேன். நிறுத்தி விசாரித்தால், முந்தைய நாள் காலையில் ஜெய்ப்பூர் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்பியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். அன்றைக்கு ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் அவரைத் தூங்கவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். விடியல் போனது, போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஊர்சுற்றி:
உங்கள் அனுபவம் கேட்கவே பயமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக யாருமே போகக்கூடாது என்று சொல்வது சரியா? எல்லாருக்கும் இரண்டு நாள் கிடைக்காது. ரயிலில் போனால் விடியல் கிடையாது. கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் கொண்டுபோய்விடும், ஆனால் தில்லி நிஜாமுதீன் நிலையத்தில் கிளம்புவதே எட்டு மணிக்கு மேல். சதாப்தி காலை 6 மணிக்கு. இரண்டிலும் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, விடியலும் வேண்டும் என்றால் கார்தான் வழி. ஓட்டுநர் முந்தைய நாள் ஓய்வில் இருந்தாரா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். நான் கேட்டேன்.

இரவுப்பயணி:
கேட்டால் "ஆமாம் சார், நல்ல ஓய்வு" என்றுதான் சொல்வார்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

கல்லெழுத்து:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். விடியல், விடியல் என்கிறோம், அதில் என்ன தெரியும் என்பதையும் பார்க்க வேண்டும். தாஜ் தெற்கு நோக்கிய கட்டடம். பெருவாசல் வழியாக வந்து நின்றால் நீங்கள் வடக்கே பார்க்கிறீர்கள், சூரியன் உங்கள் வலப்பக்கம் வரும். குவிமாடத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும் என்று எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி ஓரளவுக்காவது வேண்டுமென்றால் மேற்கே இருக்கும் மசூதிப் பக்கம் போய்க் கிழக்கே பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் முன்முகத்தில் முதல் வெளிச்சம் சாய்வாக விழும். செதுக்கிய பூக்களின் நிழல்கூடத் தெரியும். ஜூனில் வடகிழக்கில் உதிப்பதால் முன்முகம் நிழலிலேயே இருக்கும். ஆக, பனி இல்லாத ஜனவரிக் காலை கிடைத்தால் அது அக்டோபரைவிட அழகு. பனி இருந்தால் எதுவுமே தெரியாது. இதுதான் சிக்கல்.

எனக்கு உண்மையான வருத்தம் இந்தப் பயணங்களோடு வரும் வழிகாட்டிகள் மேல். எங்களுக்கு வந்தவர், ஷாஜகான் வேலை செய்தவர்களின் கையை வெட்டினார் என்று அம்மாக்களின் முன்னால் நடித்துக் காட்டினார். அதற்கு ஆதாரமே இல்லை. ஆற்றின் எதிர்க்கரையில் கறுப்புத் தாஜ் கட்ட ஆரம்பித்தார் என்றார். அங்கே, மேத்தாப் பாக் தோட்டத்தில், 1990களில் தொல்லியல் துறை அகழ்ந்து பார்த்ததில் கிடைத்தது ஓர் எண்கோணக் குளம். கறுப்புக் கட்டடத்தின் அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை. மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில் பிரசவத்தின்போது இறந்தார், அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. தாஜின் சுவர்களில் இருக்கும் எழுத்துகளை வரைந்த அமானத் கான் தன் பெயரையே உள்ளே பொறித்திருக்கிறார். இவ்வளவு நிஜம் இருக்கும்போது கதை எதற்கு? அப்புறம் ஒன்றே கால் மணி நேரத்தில் "நேரமாகிவிட்டது" என்று வெளியே கூட்டிவந்து பளிங்குக் கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்.

செங்காந்தள்:
எல்லா வழிகாட்டிகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் ஐயா. என் மாமியாருக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. அரசு அடையாள அட்டை வைத்திருந்த ஒருவரை அமர்த்திக்கொண்டோம். வயதானவர் வருகிறார் என்று தெரிந்ததும் பேட்டரி வண்டி, சக்கர நாற்காலி எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். உள்ளே கல்லறையைச் சுற்றியிருக்கும் பளிங்குத் திரையில் சின்ன டார்ச்சை வைத்துக் காட்டினார். செந்நிறக் கார்னீலியன் கல் நெருப்புத் துண்டு மாதிரி எரிந்தது. மொத்த வளாகமும் இடம் வலம் மாறாத ஒப்புமை, அதை மீறுவது நடுவில் இருக்கும் மும்தாஜுக்குப் பக்கத்தில் பின்னால் வைத்த ஷாஜகானின் கல்லறை மட்டும்தான் என்று சொன்னார். நானாகப் பார்த்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது.

கடைக்கு வரமாட்டோம் என்று காரில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். அங்கே அவர்களுக்குக் கமிஷன் உண்டு, அதனால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

கல்லெழுத்து:
நீங்கள் சொல்வது நியாயம். எனக்கு வந்தவரை நிறுவனம் ஒட்டிவிட்டது, நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். வித்தியாசம் அதுதான் போல.

இரவுப்பயணி:
மகிழம்பூ, உங்களுக்கு வெள்ளிக்கிழமை சும்மாதானே இருக்கிறது? அன்று தாஜ் மூடியிருக்கும், தொழுகை நாள். கோட்டை திறந்திருக்கும். காலை சதாப்தியில் கிளம்புங்கள், இரண்டு மணி நேரத்தில் ஆக்ரா. (கதிமான் வெள்ளிக்கிழமை ஓடாது.) பகலில் கோட்டையைப் பாருங்கள். 1658இல் ஔரங்கசீப் அப்பாவை அங்கேதான் அடைத்துவைத்தார், 1666இல் சாகும்வரை அங்கிருக்கும் ஒரு மாடத்திலிருந்துதான் ஷாஜகான் தாஜைப் பார்த்தார். சாயங்காலம் மேத்தாப் பாக். குளிர்காலத்தில் தாஜின் வடக்கு முகத்தில் வெயில் படாது, ஆனாலும் ஆற்றுக்கு மேலே அந்த உருவம் மட்டும் தெரிவது தனி அழகு. ராத்திரி கிழக்கு வாசல் பக்கம் ஏதாவது விடுதியில் தங்குங்கள். சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு எழுந்தால் போதும்.

ஊர்சுற்றி:
ஜனவரி பனியில் ரயில் மட்டும் நேரத்துக்கு வருமா? நான்கு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவன் நான். அதோடு அறை வாடகை, கல்யாணப் பட்டுப்புடவை எல்லாம் இருக்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு 71 வயதுக்காரர் ஒரு இரவு புது ஊரில். காரில் வீட்டிலிருந்து வாசலுக்குப் போகலாம். சிரமத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இரவுப்பயணி:
பெட்டிகளை உறவினர் வீட்டில் வைத்துவிட்டு ஒரு பையோடு போகலாம். ரயில் தாமதமானால் குளிரும், எரிச்சல் வரும். சாலையில் தப்பு நடந்தால் அப்படி முடியாது. இந்த இரண்டையும் ஒன்று என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. முந்தைய இரவே அங்கே இருந்தால் பனி விலகும்வரை காத்திருக்கலாம். காரில் வந்தவர்களுக்கு நேரத்துக்குக் கோட்டை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் திரும்பல்.

ஊர்சுற்றி:
சரி, ஜனவரிக்கு ஒத்துக்கொள்கிறேன். பனியை நான் போதுமான அளவு நினைக்கவில்லை. ஆனால் அக்டோபர், நவம்பர், பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் இன்றைக்கும் கார்தான் சொல்வேன். அந்த மாதங்களில் ஒரே நாள் கிடைத்தவர்களை வேண்டாம் என்று தடுக்க மாட்டேன்.

மகிழம்பூ:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் இதை முழுசாகப் படித்துக் காட்டினேன். "ரயிலிலேயே போகலாம், கோட்டையை நிதானமாகப் பார்க்கணும்" என்றார். வெள்ளிக்கிழமை சதாப்தி, ஒரு இரவு தங்கல் என்று முடிவு செய்துவிட்டோம். டிக்கெட் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

செங்காந்தள்:
நாங்கள் போனபோது நம் நாட்டவருக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. தொல்லியல் துறையின் தளத்திலேயே எடுத்துவிடுங்கள், கியூஆர் குறியைக் காட்டினால் போதும். உள்ளே போனதிலிருந்து 3 மணி நேரம்தான் செல்லும், அதனால் பனி கனமாக இருந்தால் வாசல் திறந்த உடனே ஓட வேண்டாம். சாப்பாட்டுப் பொருள், லைட்டர், டிரைபாட் எதுவும் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் பாட்டில் விடுவார்கள். மேடைக்கு ஏறப் படிகள் உண்டு, அப்பாவுக்குக் கைப்பிடிக்க ஒருவர் வேண்டும்.

மகிழம்பூ:
போய்வந்துவிட்டோம், அதனால் மறுபடி எழுதுகிறேன். ஊர்சுற்றி சொன்னது நடந்தது. ரயில் மூன்று மணி நேரம் தாமதம், மேத்தாப் பாக் போகவே முடியவில்லை. கோட்டையை மட்டும் பார்த்தோம், அந்த மாடத்தின் வழியாகத் தாஜ் இருக்க வேண்டிய திசையில் வெறும் வெண்மைதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு விடுதி சன்னலைத் திறந்தால் எதிர்வீடுகூடத் தெரியவில்லை. செங்காந்தள் சொன்னபடி காத்திருந்து எட்டு மணிக்கு உள்ளே போனோம். பெருவாசலைத் தாண்டி நின்றால் எதிரே ஒன்றுமே இல்லை, நீர்த்தொட்டி பத்தடிக்கு அப்புறம் காணவில்லை. அம்மா முகம் வாடிவிட்டது. அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அங்கேயே நின்றோம். விடுதியில் சொல்லி நாங்களே அமர்த்திய வழிகாட்டி, அவசரப்படுத்தாமல் எங்களோடு நின்றார்.

ஒன்பதேகாலுக்கு உச்சியில் இருக்கும் கலசம் முதலில் தெரிந்தது. அது மட்டும் வானத்தில் தனியாக. பிறகு குவிமாடத்தின் வளைவு, பிறகு மினார்களின் தலைகள். மேலிருந்து கீழே இறங்கி வருவது மாதிரி. அடிப்பகுதி கடைசிவரை பனிக்குள்ளேயே இருந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மேடைக்கு ஏறியதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்குடி, தொட்டுப் பார்" என்றார். பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் வெளியே வந்தோம்.