"ஓடாது" என்று எழுதியிருந்தால் நான் நிற்பேன்

பழைய பொருள் வாங்கி ஆன்லைனில் விற்பவர்கள் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என் கணக்கில் இரண்டே வகைதான்: கேசட் பிளேயர், பழைய கேமரா லென்ஸ். பளபளவென்று இருக்கிற பொருளைத் தேடி நான் போவதில்லை. அதன் விலை விற்பவருக்கும் தெரியும், எனக்கு முன்னால் முண்டியடிப்பவருக்கும் தெரியும். "ஓடாது", "பழுது", "உள்ளது உள்ளபடி" என்று எழுதியிருந்தால்தான் கால் நிற்கும். ஏன் ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றால் அங்கேதான் காசு.

சமீபத்தில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளிவிட்டார். உள்ளே வாக்மேன்கள், சிக்கலாய்க் கிடந்த வயர்கள், எந்த டிவிக்கு என்றே தெரியாத ரிமோட்டுகள். "ஒண்ணும் ஓடாதுங்க, மொத்தமா எடுத்துக்கங்க" என்றார். ஒரு சோனியில் பேட்டரி போட்டுக் காதோரம் பிடித்தேன். சன்னமாக விர்ரென்று சத்தம். மோட்டார் சுற்றுகிறது, கேசட் நகரவில்லை. அப்படியென்றால் பெரும்பாலும் பெல்ட்தான். முதல் வாக்மேன் வந்தது 1979இல். அதிலிருந்து வந்த மாடல்கள் பலவற்றிலும் மோட்டாரின் சுழற்சியை மறுபக்கம் கடத்துவது ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட். வருடம் போகப் போக அது தொய்ந்துவிடும், இல்லாவிட்டால் தார் மாதிரி உருகிக் கப்பியில் அப்பிக்கொள்ளும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பொறுமையாகச் சுரண்டியெடுக்க வேண்டும். விரல், மேசை, சட்டை எல்லாம் கறுப்பாகும். அதற்குப் பிறகு புது பெல்ட். பாடத் தொடங்கியதும் விற்பனைக்குப் போட்டுவிடாதீர்கள், வேகத்தைப் பார்க்க வேண்டும். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை கேசட்டைப் போட்டு, போனில் அலைவெண் காட்டும் ஆப் ஒன்றில் அளப்பேன். தள்ளி இருந்தால் மோட்டாரோடு இருக்கும் சின்னத் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். எல்லா மாடலிலும் அந்த வசதி இருக்காது.

அதே பெட்டியில் இன்னொன்று, பார்வைக்குப் புதுசு. பேட்டரி மூடியைத் திறந்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரி கசிந்த அடையாளம். தகட்டோடு நின்றிருந்தால் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைக்கப் போய்விடும். இது போர்டு வரைக்கும் இறங்கிச் செம்புத் தடத்தையே தின்றிருந்தது. அதை உதிரி பாகத்துக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

லென்ஸிலும் இதே கதைதான், ஆனால் அங்கே கண்ணை நம்பக்கூடாது, டார்ச்சை நம்ப வேண்டும். அபெர்ச்சரை, அதாவது உள்ளே வெளிச்சம் புகும் துளையை, முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடியுங்கள். சிலந்தி நூல் படர்ந்த மாதிரி தெரிந்தால் பூஞ்சை. சுத்தம் செய்தாலும் கண்ணாடி மேல் பூச்சை அது அரித்திருந்தால் தடம் போகாது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் அப்படியில்லை. இத்தனைக்கும் வாங்குபவர்கள் முன்கீறலைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது மஞ்சள் லென்ஸ். 50 மி.மீ. எஃப்1.4 சூப்பர் டகுமாரின் பிந்தைய பதிப்பை "கண்ணாடி கெட்டுவிட்டது" என்று தள்ளிவிடுகிறார்கள். கெடவில்லை. அதன் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கிறது. அந்தக் கதிர்வீச்சால் காலப்போக்கில் மஞ்சளேறும். புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் வெளுத்துவிடும். லேசான கதிரியக்கம் உண்டு என்பதை விற்பனை விவரத்தில் நான் மறைக்காமல் எழுதுவேன். அதைப் படித்துவிட்டே வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

*

அண்ணா, நான் பழைய புத்தகம் வாங்கி விக்கிறேன். உங்க மாதிரி ரிப்பேர் வேலை எல்லாம் வராது. எல்லாரும் பார்கோடை ஸ்கேன் பண்ணி, லாபம் காட்டுறதை மட்டும் அள்ளிட்டுப் போறாங்க. அவங்க விட்டுட்டுப் போற அடுக்குதான் என் இடம். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள எண், 1970இல் சர்வதேசத் தரமானது. அதுக்கு முந்தின புத்தகத்துல ஸ்கேன் பண்ண ஒண்ணுமே இருக்காது. தலைப்பைக் கையால டைப் அடிச்சுத் தேடணும். அதுக்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

ஆங்கிலப் புத்தகம்னா காப்புரிமைப் பக்கத்துல ஒரு எண் வரிசை இருக்கும். பெரும்பாலான பதிப்பகங்கள்ல அதுல மிகச் சின்ன எண் எதுவோ அதுதான் எத்தனையாவது அச்சுன்னு அர்த்தம். 1 இருந்தா எடுத்து வெச்சுக்கிட்டு, அட்டை மேல போர்த்தியிருக்கிற தாளுறையைப் பார்ப்பேன். அது கிழிஞ்சிருந்தா, இல்லவே இல்லாட்டி, விலை அதலபாதாளம்.

ஒரு தடவை பழைய அகராதி ஒண்ணுக்குள்ள யாரோ எழுதின கடிதக்கட்டு. விற்றவங்களையே தேடிப்பிடிச்சுக் கொடுத்தேன். வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, "அந்த அகராதிக்கு எவ்வளவு கிடைச்சுது?"ன்னு கேட்டாங்க பாருங்க!

*

போன் பக்கம் போறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. "பாஸ்வேர்டு மறந்துட்டேன், அதான் சீப்பா தர்றேன்"னு ஒருத்தர் நல்ல போனை நீட்டினார். முந்தைய உரிமையாளரின் கணக்குல பூட்டியிருக்கிற போனை அவரே திறந்தாத்தான் உண்டு. "கணக்குல இருந்து நீக்கிக் கொடுங்க, நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன்"னேன். "இதோ வர்றேன்"னு போனவர்தான். ஐஎம்இஐங்கிற போனோட அடையாள எண்ணைப் பார்க்க *#06# அடிச்சாப் போதும். 15 இலக்கம். பெட்டியில இருக்கிற எண்ணோட ஒத்துப்போகலைன்னா அங்கேயே விட்டுட்டு நடையைக் கட்டுங்க.

*

கேட்கிறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த வாக்மேன் ஓடும்னு உங்களுக்குத் தெரியுது, பெட்டியைக் கொடுத்தவருக்குத் தெரியலை. சொல்லாம வாங்குறது சரியா?

*

நியாயமான கேள்விதான். பெட்டிக்காரரிடம், "இதுல ஒண்ணு பெல்ட் போட்டா ஓடலாம், அதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று சொல்லித்தான் எடுத்தேன். "எனக்கெதுக்குங்க பெல்ட்டு, இடம் காலியானாப் போதும்" என்றார். எல்லாரிடமும் இப்படி அக்குவேறு ஆணிவேறாக விளக்குவேனா என்றால், இல்லை. வியாபாரி என்னிடமே விலை பேசி விற்கும்போது பாடம் நடத்த மாட்டேன். வீட்டுக்காரர்கள், அதுவும் இறந்தவருடைய பொருளைக் கொடுப்பவர்கள் என்றால் சொல்லிவிடுவேன்.

என்னிடம் வாங்குபவருக்கு எதையும் மறைப்பதில்லை. "பெல்ட் மாற்றியது, மூடியில் கீறல்" என்று முதல் வரியிலேயே போடுவேன். விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்ததை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். வருஷக்கணக்கில் விற்காமல் கிடப்பதும் கேட்கிற விலையில்தான் கிடக்கிறது. கட்டணம், கூரியர், பெல்ட், ஆல்கஹால் எல்லாம் கழித்தபிறகு மிஞ்சுவதுதான் உங்களுடையது. பெட்டி பெரிதாகிவிட்டால் எடைக்கு இல்லாமல் அளவுக்குக் காசு கேட்பார்கள்: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வது பல கூரியர்களின் வழக்கம். அதனால் கேசட் டெக் மாதிரி பெரிய சாமான் பக்கம் நான் போவதே இல்லை.

இன்னொன்று. ஒருவர் லென்ஸைத் திருப்பி அனுப்பினார், "பூஞ்சை இருக்கு" என்று. பிரித்துப் பார்த்தால் பூஞ்சை இருந்தது உண்மைதான், ஆனால் அது என் லென்ஸ் இல்லை. அனுப்புமுன் சீரியல் எண் தெரியப் படம் எடுத்து வைத்திருந்ததால் தளத்தில் புகார் கொடுத்துப் பணத்தை மீட்டேன். அந்தப் பூஞ்சை லென்ஸ் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. அபெர்ச்சர் இதழ்கள் நன்றாக இருக்கின்றன, யாருக்காவது உதிரிக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள்.