ஜென்டூவில் ஜிசிசி 14-ஐ நீக்கியபின் பல நிரல்கள் திறக்கவில்லை, உதவி தேவை

கேட்டவர்:

வணக்கம். கல்லூரி இறுதியாண்டு மாணவன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் ஜென்டூ (நிரல்களை நம் கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவும் லினக்ஸ்) வைத்திருக்கிறேன். ரொம்ப நாளாக அப்டேட் செய்யாததால் ஜிசிசி கம்பைலரில் பதிப்பு 12-இலேயே இருந்தேன். போன வாரம் 14-ஐ நிறுவி, ஜிசிசி-கான்ஃபிக் மூலம் அதற்கு மாறி, வேர்ல்டு அப்டேட்டை (நிறுவிய எல்லாவற்றையும் புதுப்பிப்பது) ஓடவிட்டேன். நாற்பது பேக்கேஜ் வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் சி மொழியில் எழுதிய ஒரு பழைய சிறு நிரல், 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' என்று பிழை காட்டி நின்றுவிட்டது. 12-இல் அது வெறும் எச்சரிக்கையோடு கம்பைல் ஆனதுதான். புது கம்பைலரில்தான் கோளாறு என்று நினைத்து, 12-க்குத் திரும்பி, 14-ஐ அன்மெர்ஜ் செய்து நீக்கிவிட்டேன்.

இப்போது கம்பைல் வேலைக்கு உதவும் சிமேக், நின்ஜா, பிடிஎஃப் பார்க்கும் நிரல் எதுவும் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: லிப்எஸ்டிடிசி++ என்ற லைப்ரரிக் கோப்பில் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 என்ற பதிப்பு இல்லையாம். பேக்கேஜ்களை நிறுவும் எமர்ஜ் மட்டும் ஓடுகிறது. புராஜெக்ட் அறிக்கையை அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் 12-ஐ வைத்துத் திரும்பக் கம்பைல் செய்யவா, இல்லை புதிதாகவே நிறுவிவிடவா?

பதில் 1:

தம்பி, இரண்டும் வேண்டாம். ரூட் டெர்மினல் ஒன்றைத் திறந்தபடியே வைத்திருங்கள், வேறு எதையும் நீக்காதீர்கள்.

நடந்தது இதுதான். சி++ நிரல்கள் ஓடும்போது தேடும் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியும் ஜிசிசி பேக்கேஜுக்குள்தான் வருகிறது. பழைய ஜிசிசியில் கம்பைல் ஆன நிரல் புது லைப்ரரியோடு ஓடும். புதியதில் கம்பைல் ஆனது பழைய லைப்ரரியோடு ஓடும் என்ற உறுதி கிடையாது. ஜிசிசி 12-இல் இருப்பது 3.4.30 வரைதான். 3.4.32 வந்தது 13.2-இல். உங்கள் நாற்பது பேக்கேஜில் சி++ எவையோ அவை 14-இல் கம்பைல் ஆகி 3.4.32-ஐக் கேட்கின்றன, நீங்கள் அதைத் தரும் லைப்ரரியைக் கழற்றிவிட்டீர்கள்.

அதனால் 14-ஐ மீண்டும் நிறுவினால் போதும். எமர்ஜ் பைத்தானில் ஓடுவது, பைத்தான், பாஷ், மேக் எல்லாம் சி நிரல்கள், அதனால்தான் அவை தப்பின. ஜிசிசியைக் கம்பைல் செய்ய சிமேக்கும் நின்ஜாவும் தேவையில்லை என்பது உங்களுக்கு நல்ல காலம். முதலில் வார்-கேஷ்-பின்பிகேஜிஎஸ் கோப்புறையில் ஜிசிசி 14-இன் பைனரி பேக்கேஜ் (ஏற்கெனவே கம்பைல் ஆனது) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஜென்டூவே 2023 டிசம்பர் கடைசியிலிருந்து 64-பிட் கணினிகளுக்குப் பைனரி பேக்கேஜ்கள் தருகிறது, எமர்ஜுக்கு கெட்பின்பிகேஜி கொடுத்து அதை இறக்க முயலுங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் ஒன்ஷாட் (வேர்ல்டு பட்டியலில் சேர்க்காமல் நிறுவுவது) கொடுத்து 12-ஐக் கொண்டே 14-ஐக் கம்பைல் செய்யுங்கள்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா. என் யூஸ் ஃப்ளாக் (எந்த வசதிகளோடு கம்பைல் செய்வது என்ற அமைப்பு) வேறு, பைனரி பொருந்தவில்லை. கம்பைல் செய்யப் பார்த்தேன், நடுவில் 'சிசி1பிளஸ் கில்டு' என்று நின்றுவிட்டது. ரேமில் கோளாறாக இருக்குமோ?

பதில் 2:

ரேம் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் 'இன்டர்னல் கம்பைலர் எரர்' வரும். 'கில்டு' என்றால் நினைவகம் தீர்ந்து கெர்னல் அந்தப் பிராசஸைக் கொன்றிருக்கிறது. மேக்ஆப்ட்ஸில் ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலை ஓடும்படி வைத்திருக்கிறீர்கள்? ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 3 சரியாக இருக்கும். கம்பைல் நடக்கும் வார்-டிஎம்பி-போர்டேஜ் கோப்புறை டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ரேமிலேயே, இருந்தால் அன்மவுண்ட் செய்துவிடுங்கள். ஜிசிசிக்குப் பல ஜிபி இடம் வேண்டும், அத்தனையும் ரேமிலிருந்துதான் போகும். நேரம் பிடித்தால் பயப்படாதீர்கள். ஜிசிசி முதலில் பழைய கம்பைலரால் ஒருமுறை, அப்படி வந்ததால் இன்னொருமுறை, திரும்பவும் ஒருமுறை என்று மூன்று சுற்று கம்பைல் ஆகி, கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும்.

இனி உங்கள் பழைய நிரல். கோளாறு கம்பைலரில் இல்லை. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது இன்ட் (முழு எண்) தருவதாக சி அந்தக் காலத்தில் எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் உண்மையில் பாயின்டர் (நினைவக முகவரி) தருவதாக இருந்தால் 64-பிட் கணினியில் பாதி முகவரி வெட்டுப்படும். அதனால்தான் 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14 இதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. என்னைக் கேட்டால் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம். ஃபங்ஷனை அறிவிக்கும் எந்த ஹெடர் கோப்பை விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அதைச் சேர்ப்பதுதான் சரியான வழி. அவசரம் என்றால் பேக்கேஜ்-என்வ் (ஒரு பேக்கேஜுக்கு மட்டும் தனி அமைப்பு) மூலம் அந்த ஒன்றை மட்டும் ஜிசிசி 12-இல் கம்பைல் செய்யலாம், சி நிரல் என்பதால் லைப்ரரிச் சிக்கல் வராது. பிழையை அடக்கும் ஃப்ளாகை எல்லா பேக்கேஜுக்கும் பொருந்தும் மேக்-கான்ஃபில் மொத்தமாக மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:

மேக்ஆப்ட்ஸில் 8 இருந்தது அக்கா. 3 ஆக்கினேன், டிஎம்பிஎஃப்எஸ்ஸையும் எடுத்தேன். இரவு முழுக்க ஓடி, காலையில் 14 வந்துவிட்டது! அதைத் தேர்ந்தெடுத்து, ஈடிசி-ப்ரொஃபைலை சோர்ஸ் செய்ததும் எல்லா நிரலும் திறந்தன. இப்போது எம்ப்டிட்ரீ கொடுத்து வேர்ல்டு முழுவதையும் கம்பைல் செய்ய வேண்டுமா? 12-ஐ எப்போது நீக்கலாம்?

பதில் 1:

வேர்ல்டு முழுவதும் தேவையில்லை. 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது சி++ ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பே மாறியது, அப்போது நிறைய பேக்கேஜ்களைத் திரும்பக் கம்பைல் செய்தோம். 12-லிருந்து 14-க்கு அப்படி ஒரு முறிவு இல்லை. லிப்டூலை மட்டும் ஒன்ஷாட்டில் கம்பைல் செய்யுங்கள். கெர்னலுக்கு வெளியே வரும் மாட்யூல் ஏதாவது வைத்திருந்தால் கெர்னலையும் அதையும் ஒரே கம்பைலரில் கம்பைல் செய்துவிடுங்கள்.

12-ஐ நீக்க அவசரமே இல்லை, இரண்டும் தனித்தனி ஸ்லாட், ஒன்றை ஒன்று தொடாது. நின்றுபோன வேர்ல்டு அப்டேட் முடியட்டும், ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், 14-க்கு ஒரு குவிக்பிகேஜி (பைனரி நகல்) எடுத்து வையுங்கள். அப்புறம் தேவையற்றதை நீக்கும் டிப்கிளீனை, நீக்காமல் பட்டியல் மட்டும் காட்டும் பிரிடெண்ட் கொடுத்து ஓட்டி, நீங்கும் பட்டியலில் 12 மட்டும்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

கேட்டவர்:

வேர்ல்டு முடிந்தது அண்ணா. அந்தப் பழைய நிரலில் ஸ்ட்ரிங் ஹெடர் ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. ஒரு வரி பேட்ச் (திருத்தம்) எழுதி, ஈடிசி-போர்டேஜ்-பேட்சஸ் கோப்புறையில் வைத்தேன், 14-இலேயே கம்பைல் ஆனது. அறிக்கையும் பத்திரமாக இருக்கிறது.

பதில் 2:

அருமை! அந்த பேட்சை ஜென்டூ பக்ஜில்லாவில் ஒரு பிழைப்பதிவு திறந்து போட்டுவிடுங்கள், அதே நிரலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும்.