மாரியில் லவ் பேர்ட்ஸ் கூட்டுக்குள் பூஞ்சணம்: பல்ப் போட்டால் காயுமா?

அரியாலைக் கிளிக்கூடு எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு லவ் பேர்ட்ஸ் கூடு இருக்கிறது. மகன் ஓ.எல். சோதனை எழுதி முடித்த கையோடு தகப்பனும் அவனுமாகச் சேர்ந்து அடித்தது. ஆறடி நீளம், நாலடி அகலம், மேலே தகரம், கீழே சீமெந்துத் தரை, சுற்றிவரக் கம்பிவலை. இருபது குருவிக்கு மேல் நிற்கும். வெயில் காலத்தில் ஒரு கரைச்சலும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் தூவானம் அடிக்கிறது என்று இவர் நாலு பக்கமும் நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டார். இப்போது மழைத்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வராது. ஆனால் உள்ளே எல்லாம் நசநச என்று ஈரம். முட்டையிடக் கட்டின மண்முட்டிகளின் உட்பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இருக்கிறதற்குக் கட்டின கொய்யாக் கம்பில் வெள்ளையாக மயிர் மாதிரிப் படர்ந்திருக்கிறது. தரையில் போட்ட மரத்தூளைக் கிளறினால் புளித்த மணம்.

நேற்றிலிருந்து ஒரு மஞ்சள் பேட்டுக்குருவி உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் இருக்கிறது. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறது.

மாமி சாம்பிராணி போடச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அண்ணை பினாயில் அடிக்கச் சொல்கிறார். மகன் 100 வோட் பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டால் எல்லாம் காய்ந்துவிடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? மகனுக்குத் தொய்வும் (ஆஸ்துமா) இருக்கிறபடியால் எனக்கு அதுவும் யோசனை.

கச்சான்காற்று எழுதியது:

அக்கா, நாங்கள் பூச்சி உருண்டை நாலைந்தைத் துணியில் முடிந்து கூட்டுக்குள் தொங்கவிடுவோம். மணமும் போகும், பூஞ்சணமும் வராது. பினாயிலும் நல்லதுதான், தண்ணீர் கூடக் கலந்து அடியுங்கள்.

கொக்குவில் புறாக்காரன் எழுதியது:

தம்பி, பூச்சி உருண்டையை அலுமாரிக்குள் வைத்துக்கொள்ளும். அது விடுகிற ஆவி குருவிக்கு நஞ்சு. பினாயிலும் அப்படித்தான், மூடின கூட்டுக்குள் இன்னும் மோசம்.

பிள்ளை, முதலில் அந்தத் தறப்பாளை அவிழ்க்கச் சொல்லுங்கள். மழை விடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றைக்கே அவிழ்க்க வேண்டும்.

எங்கட ஆட்களுக்கு ஈரம் என்றால் மழைதான். கூடு ஈரமாக மழையே தேவையில்லை. இருபது குருவி விடுகிற மூச்சில் ஈரம், எச்சத்தில் ஈரம், தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கிக் குளித்துச் சிந்துவதில் ஈரம். போதாக்குறைக்குத் தரை. இந்த மாதத்தில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீர் எவ்வளவு மேலே வந்து நிற்கிறது என்று தெரியும். கீழே பொலித்தீன் விரிக்காமல் மண்ணுக்கு மேலேயே போட்ட சீமெந்து அந்த ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி மேலே விட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவும் வெளியே போக வழியில்லாமல் நாலு பக்கமும் அடைத்தால் எங்கே போவது? இரவில் தகரம் குளிரும், அதன் அடியில் போய்ப் பிடிக்கும், பிறகு சொட்டும். விடியப்புறம் ரோர்ச் லைட்டோடு போய்த் தகரத்தின் அடிப்பக்கத்தை ஒருக்கால் தடவிப் பாருங்கள். கை நனையும். மேலே தகரத்தில் ஓட்டை என்று இவர் தார் பூசப் போனாலும் போவார், முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மாரி மழை எங்களுக்கு வாடைக்காற்றோடு வருவது. ஆகவே வடக்கையும் கிழக்கையும் மறைத்தால் பெரும்பங்கு தூவானம் நின்றுவிடும். அந்த இரண்டு பக்கத்திலும்கூட உச்சியில் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், சூடான ஈரக்காற்று மேலால்தான் வெளியேறும். தெற்கும் மேற்கும் திறந்தே கிடக்கட்டும். அந்தப் பக்கங்களில் தகரத்தை இரண்டடி வெளியே நீட்டி விட்டால் மறைப்பே தேவைப்படாது. புயல் நாட்கள் வேறு கதை. 2020 மார்கழியில் புரெவி வந்த மாதிரி ஒன்று வந்தால் நாலு பக்கமும் மூடத்தான் வேண்டும், ஆனால் ஓய்ந்த கையோடு திறந்துவிட வேண்டும். தறப்பாளை ஆணியடித்து வைக்காமல் சுருட்டி மேலே கட்டுகிற மாதிரிக் கயிறு போட்டுவிடச் சொல்லுங்கள்.

இனி பல்ப். உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. சூடான காற்று கூடுதலான ஈரத்தைத் தாங்கும், அதனால் பல்ப் எரிகிற நேரம் காய்ந்த மாதிரித்தான் தெரியும். ஆனால் ஈரம் கூட்டை விட்டு எங்கேயும் போகவில்லையே. பல்ப்பை நிறுத்திய உடனே அவ்வளவும் திரும்பி வந்து கம்பியிலும் தகரத்திலும் உட்காரும். இப்போது கடையில் கிடைக்கிற எல்ஈடி பல்ப்பில் சொல்லும்படியான சூடும் இல்லை. எங்கள் ஊர்ப் பனிக்கு நல்ல சுகமான குருவிக்குச் சூடு தேவையில்லை. காற்றோட்டமும் நனையாத இடமும் காணும்.

தகரத்துக்கு மேலே பனையோலையோ கிடுகோ போட்டால் இரவில் தகரம் அவ்வளவு குளிராது, சொட்டுவதும் குறையும். வெயில் காலத்தில் சூட்டுக்கும் நல்லது. அடிப்பக்கத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள், அங்கே கிடுகே பூஞ்சணம் பிடிக்கும்.

அறிவியல்நகர் எழுதியது:

புறா அண்ணை காற்றைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் குருவியையும் தீனியையும் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா, அந்த மஞ்சள் குருவியை இன்றைக்கே வேறாக்குங்கள். சின்னக் கூடு ஒன்றில் வீட்டுக்குள், காற்று நேரே அடிக்காத இடத்தில் வைக்கவும். குசினி வேண்டாம், புகை. சூடு தேவையானது இந்தக் குருவிக்குத்தான். உங்கள் மகனின் பல்ப்பைச் சின்னக் கூட்டின் ஒரு பக்கத்தில் வெளியே வையுங்கள். 40 வோட் காணும், 100 வேண்டாம். அதுவும் எல்ஈடி அல்ல, பழைய இழை பல்ப். குருவி விரும்பினால் கிட்டப் போகும், இல்லாவிட்டால் விலகி இருக்கும்.

வால் ஆடுவது என்றால் மூச்சுக்குக் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். பறவைக்கு எங்களைப்போல் பிரிமென்றகடு இல்லை. நுரையீரலோடு காற்றுப்பைகள் உடம்பெல்லாம் பரந்து கிடக்கின்றன, பூஞ்சண வித்திகள் அங்கே போய்க் குடியிருந்தால் இருமித் துப்ப முடியாது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பங்கசு இப்படித்தான் பறவைகளைத் தாக்குகிறது. அது நனைந்த மரத்தூளிலும் பழுதான தீனியிலும் நன்றாக வளரும். ஆனால் வால் ஆடுவதற்குச் சளி, உண்ணி, பக்றீரியா என்று வேறு காரணங்களும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை வைத்தியர். பக்றீரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரையை வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடாதீர்கள், பங்கசு என்றால் அது ஒன்றும் செய்யாது. பறவை தன் வருத்தத்தைக் கடைசிவரை மறைக்கும். உப்பிக்கொண்டு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பிந்திவிட்டது என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

சாம்பிராணி வேண்டவே வேண்டாம். மாமி கோபிக்காமல் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 😊

தீனி எதில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. உரப்பையில் கட்டி நிலத்தில் வைத்திருந்தால் அதுதான் நான் முதலில் சந்தேகப்படுகிற இடம். ஒரு பிடி தினையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோங்கள். மக்கல் மணம் வந்தாலோ, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்தாலோ அவ்வளவையும் எறியுங்கள். வெயிலில் காய வைத்துப் பாவிக்கலாம் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். காய்ந்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கும், அது ஏற்கெனவே விட்ட நஞ்சு போகாது. சோளம், கச்சான் போன்றவற்றில் வருகிற அப்ளாரொக்சின் சமையல் சூட்டுக்கே முழுதாக அழியாத சாமான், வெயிலுக்கு என்ன ஆகப்போகிறது? கோழிக்குப் போடுவோம், மாட்டுக்கு வைப்போம் என்றும் யோசிக்க வேண்டாம். மாடு தின்றால் அந்த நஞ்சின் ஒரு பங்கு பாலில் வரும். குழி தோண்டித் தாட்டுவிடுங்கள்.

மாரி முடியும்வரை கிழமைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்கி, இறுக மூடுகிற பிஸ்கற் ரின்னில் போட்டு, பலகைக்கு மேல் வையுங்கள். ஊறவைத்த பயறு கொடுக்கிற பழக்கம் இருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கீரையை உதறித் தண்ணீரை வடியவிட்டு வலையில் செருகுங்கள், தரையில் போட வேண்டாம். கணவாய் ஓடு கடற்கரையில் பொறுக்கினதா? ஊறவைத்துக் கழுவி நன்றாகக் காயவிட்ட பிறகே கட்டுங்கள், அதிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

மரத்தூளை விட்டுவிட்டுப் பழைய உதயன் பேப்பரை நாலைந்து மடிப்பாக விரியுங்கள். ஒவ்வொரு நாளும் மேல் தாளை எடுத்தால் வேலை முடிந்தது. இருக்கிற மரத்தூளை அள்ளும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். காய்ந்தபடி கிளறினால் வித்திகளும் எச்சத் தூசியும் பறக்கும். தொய்வு உள்ள பிள்ளை அந்த வேலைக்குக் கிட்டவும் வரக்கூடாது. அவனுக்கு ஈரப்பத மீற்றர் ஒன்று வாங்கி, அதைப் பார்க்கிற வேலையைக் கொடுங்கள்.

அரியாலைக் கிளிக்கூடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. தறப்பாள் மேற்கும் தெற்கும் அவிழ்த்தாயிற்று. தீனி உரப்பையில்தான் இருந்தது, குசினிக் கோடிக்குள். அடியில் ஒரு கை அளவு கட்டியாகக் கிடந்தது, முழுவதையும் தாட்டுவிட்டோம். மஞ்சள் குருவியைக் காட்டினோம். டொக்டர் பார்த்து மருந்து தந்திருக்கிறார், மூன்று நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். தினை கொறிக்கிறது, வால் இன்னும் ஆடுகிறது.

மகன் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையில் மீற்றர் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். உள்ளே ஈரப்பதம் 88 வீதம் காட்டுகிறது. இன்ரநெற்றில் 50, 60 இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம், அவன் பதறிப்போய் நிற்கிறான். அடுத்தது, முட்டிகளைக் கழுவினால் பாவிக்கலாமா? நல்லூர்த் திருவிழாக் கடையில் ஆசையாக வாங்கினவை. இரண்டில் முட்டை இருக்கிறது.

அறிவியல்நகர் எழுதியது:

தம்பி பதற வேண்டாம். 50, 60 என்பது வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு. கார்த்திகை மாதம் யாழ்ப்பாணத்து வெளிக்காற்றே 80, 90 என்று நிற்கும்போது திறந்த கூட்டுக்குள் 60 எங்கிருந்து வரும்? அவர் பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. மீற்றரை அரை மணித்தியாலம் கூட்டுக்குள், அரை மணித்தியாலம் வெளியே நனையாத இடத்தில் வைக்கட்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் காற்று நன்றாக ஓடுகிறது. உள்ளே ஏழெட்டுக் கூடவென்றால் இன்னும் எங்கேயோ அடைத்துக் கிடக்கிறது. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை எழுதி வைத்தால் எந்த மூலை காயவில்லை என்று அவருக்கே விளங்கும்.

மலிவு மீற்றர்கள் பொய்யும் சொல்லும். சோதிக்க லேசான வழி இருக்கிறது. போத்தல் மூடி ஒன்றில் ஆனையிறவு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மூடியையும் மீற்றரையும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து இறுக மூடி ஒரு இரவு விடுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளலாம். உப்பு மீற்றரில் படக்கூடாது.

முட்டி: மண்சட்டிக்கு உடம்பெல்லாம் நுண்துளை. மேலே தேய்த்தால் கறை போகும், உள்ளே போன வேர் போகாது. பூஞ்சணம் லேசாக இருந்தால் சுரண்டிக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, பல தண்ணீரில் அலசி, மணம் முற்றாகப் போகும்வரை வெயிலில் காய வைக்கலாம். கம்பிவலைக்கும் இதே கலவைதான், குருவிகளை வெளியே எடுத்துவிட்டு. கழிப்பறை கழுவுகிற அமிலத்தையோ வினாகிரியையோ அதோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். பிரச்சினை என்னவென்றால் இப்போது வெயில் எங்கே? கொய்யாக் கம்பை யோசிக்காமல் எரித்துவிட்டுப் புதிதாக வெட்டிக் கட்டுங்கள்.

கொக்குவில் புறாக்காரன் எழுதியது:

முட்டை உள்ள இரண்டையும் தொடவேண்டாம், நனையாத பக்கத்துக்கு மாற்றவும் வேண்டாம், குருவி விட்டுவிடும். குஞ்சு பொரித்து வெளியே வந்தபிறகு பார்க்கலாம். மற்ற எல்லா முட்டியையும் இறக்கிவிடுங்கள். முட்டி இல்லாவிட்டால் அதுகள் முட்டையிட யோசிக்காது. மாரியில் குஞ்சு எடுப்பதே வீண்வேலை, பாதி தங்காது. இறக்கினதைக் கழுவி வீட்டு விறாந்தையில் கவிழ்த்து வையுங்கள், தை வெயிலில் காய வைக்கலாம். கறுப்பு ஊறிப்போனதை உடையுங்கள். ஆசையாக வாங்கினது என்று பார்த்தால் குருவியும் இருக்காது.

தரைக்கு நிரந்தர வேலை ஒன்று சொல்கிறேன், இவருக்குக் காட்டுங்கள். கூட்டை நாலு மூலையிலும் சீமெந்துக் கல் வைத்து ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். அடிக்கு அரை அங்குல வெல்ட்மெஷ் கம்பிவலை அடித்தால் எச்சம் கீழே விழும், காற்று அடியாலும் வரும். மரநாய், பாம்பு, எலி நுழையாமல் மூலைகளை இறுக்கமாக அடிக்கவும். கீழே விழுவதை இரண்டு நாளைக்கு ஒருக்கால் கூட்டி அள்ளினால் காணும்.

மரச்சட்டத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது தையில். நீறின சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு கை பூசினால் பூஞ்சணம் லேசில் பிடிக்காது. பூசின அன்றைக்கே குருவியை விடக்கூடாது, ஈரச் சுண்ணாம்பு காலையும் கண்ணையும் எரிக்கும். நன்றாகக் காய்ந்து, தொட்டால் வெள்ளையாக ஒட்டாத பதம் வந்தபிறகு விடுங்கள். இப்போது மழைக்குள் பூச வெளிக்கிடாதீர்கள், காயாது, உரிந்து தண்ணீர்ச் சட்டிக்குள் விழும்.

தம்பியின் மீற்றர்க் கணக்கை இங்கே போடச் சொல்லுங்கள், எந்த மூலை என்று பார்த்துச் சொல்கிறேன்.

அரியாலைக் கிளிக்கூடு எழுதியது:

போட்டுவிட்டேன் அண்ணை. உப்புச் சோதனையில் 79 காட்டியது, நாலு கழித்துத்தான் எழுதியிருக்கிறான். மத்தியானம் வெளியே 81, உள்ளே 82. விடிய வெளியே 90, உள்ளே 94, அதுவும் வடகிழக்கு மூலையில் மட்டும். அங்கேதான் தறப்பாளின் மேல் இடைவெளி விடவில்லை. இவர் ஏணி எடுக்கப் போயிருக்கிறார்.