மணல்மேடுகளை மீட்பதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

செம்பூர் ஆசிரியை (கேள்வி):
வணக்கம். மும்பை செம்பூரில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நெய்தல் திணையை அறிமுகப்படுத்துகிறேன். அதையொட்டிக் கடற்கரை மணல்மேடுகளைப் பற்றியும், அங்கே இயல்பாக வளரும் செடிகொடிகளை மீட்பது பற்றியும் சொல்லித்தர விரும்புகிறேன். பெற்றோர் சிலர், பிள்ளைகளை அக்ஸா கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஆளுக்கொரு சவுக்குக் கன்று நடச் செய்யலாம் என்கிறார்கள். ஜுஹுவையும் தாதர் சௌபாட்டியையும் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு மணல்மேடு என்பதே புதிது. எங்கிருந்து தொடங்குவது?

முலுண்ட் தாவரவியலார்:
அம்மா, சவுக்கு வேண்டாம். அது நம் கரைகளில் விறகுக்காகப் பரப்பப்பட்ட அயல்மரம். அதன் சருகு மணலை மூடிக்கொள்வதால் கீழே வேறு செடிகள் எளிதில் தலையெடுப்பதில்லை.

முதல் வகுப்பைக் கடற்கரையில் அல்ல, ஒரு தாம்பாளத்தில் தொடங்குங்கள். அதில் உலர்ந்த மணலைப் பரப்பி, நடுவில் துடைப்ப ஈர்க்குகளைச் சிறு புதராகக் குத்திவைத்து, ஒரு பக்கமிருந்து மேசை விசிறியை மெதுவாக ஓடவிட்டால், வெற்றிடத்து மணல் பறந்துபோக, ஈர்க்குகளின் பின்னால் சிறு குவியல் எழுவதைப் பிள்ளைகளே காண்பார்கள். (கண்ணில் மணல் விழாமல் எதிர்ப்பக்கம் யாரையும் நிற்கவிடாதீர்கள்.) கரையில் அடும்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் முள்புல்லும் செய்வது இதைத்தான். அடும்பங்கொடி படரும்போது கணுவுக்குக் கணு வேர்விடும். மணல் மூடினாலும் மேலெழுந்து வளரும். மான்குளம்பைப் போலப் பிளந்த அதன் இலையைச் சங்கப் புலவர்கள் பாடியிருப்பதால் உங்கள் பாடத்தோடும் அது பொருந்தும்.

அடுத்து மழைக்காலத்தைச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிக்கும் அலைகள் மேட்டின் முன்புறத்தை அரித்து மணலைக் கரையோரக் கடலடிக்குக் கொண்டுபோகும்; கடல் அடங்கியபின் அதில் பெரும்பகுதி மெல்லத் திரும்பிவரும். அது காய்ந்து பறக்கையில் பிடித்துநிறுத்தக் கொடி இருந்தால்தான் மேடு மீண்டும் எழும். ஆகவே, மீட்பு என்பது பெரும்பாலும் மிதிபடாமல் வேலியிட்டு, குப்பையையும் அயற்செடிகளையும் அகற்றிக் காத்திருப்பதுதான். கன்று நடும் புகைப்படத்துக்கு இதில் அதிக இடமில்லை.

மாட்டுங்கா மணி:
2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்திருக்கிறது. அனுமதியில்லாமல் எதையும் நடவோ தோண்டவோ வேண்டாம். அக்ஸாவில் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கணுக்கால் அளவு நீரிலும் இறக்காதீர்கள். டிசம்பரில், நீர் வற்றும் நேரம் பார்த்துப் போவது நல்லது.

தாராவி அப்பா:
பார்த்துவிட்டு மட்டும் வா என்றால் பத்து வயதுப் பிள்ளை கேட்குமா? என் மகள் கேட்கமாட்டாள். கையால் செய்ய ஏதாவது கொடுங்கள். அடும்பு விதை பழுப்பு நிறத்தில் பூனைமயிர் போர்த்தியிருக்கும். கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கக்கூடியது. ஓடு கடினமானது என்பதால், உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் வெளிறிய உட்புறம் தெரியும்வரை தேய்த்து, இரவு முழுதும் ஊறவைத்து மணல்தொட்டியில் ஊன்றலாம். மே விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரைகளில் கொடியை அடையாளம் கண்டு படம் வரைந்து வரட்டும். 2018இல் வெர்சோவா கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரித்து வந்த செய்தியையும் சொல்லுங்கள். அலை எட்டாத மேல்மணலில்தான் அவை முட்டையிடும்.

செம்பூர் ஆசிரியை:
மிக்க நன்றி. பெற்றோரிடம் பேசிச் சவுக்கை விட்டுவிட்டோம். தொட்டியில் வளர்ந்த கொடியைப் பிறகு கரையில் கொண்டு நடலாமா?

முலுண்ட் தாவரவியலார்:
வேண்டாம். தொட்டி மண்ணோடு களைவிதையும் பூச்சியும் போய்விடும். மேலும், மேட்டு நடவுக்கு அந்தந்தக் கரையின் விதையே ஏற்றது. அது நேர்வெயில் படும் மாடியிலேயே வளரட்டும். கரைக்குச் செல்லும்போது அளவுகோல் ஒன்றை எடுத்துச்சென்று, கொடி இருக்கும் இடத்திலும் வெறும் மணலிலும் மேட்டின் உயரத்தை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் அதே இடங்களை மறுபடி அளக்கலாம்.